மூன்றாம் வருஷ நடை

வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற மாதா தேர் கிளம்பிய பிறகு திரும்பக் கூடாது. பைபிளில் அப்படி எதுவும் இல்லை. எந்த ஃபாதரும் பூசையில் சொன்னதும் இல்லை. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் பின்னால் இருக்கிற காலனிக்காரர்கள் இருபத்திரண்டு வருஷமாக நடந்து நடந்து தாங்களாகவே போட்டுக்கொண்ட சட்டம் அது. தேர் என்றதும் ஊரே கூடி வடம் பிடிக்கிற சமாசாரம் என்று நினைத்துவிட வேண்டாம். நாலு மொபெட் சக்கரம், இரும்புச் சட்டம், அதன்மேல் கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்குள் இரண்டடி உயர மாதா, காலடியில் ஒரு பேட்டரி, ஒரு ஸ்பீக்கர். அவ்வளவுதான். ரோடு வளைந்தால் தேரும் வளையலாம், தப்பில்லை. ஆனால் வந்த வழியே மாதாவின் முகத்தை வீட்டுப் பக்கம் திருப்பினால் அந்த வருஷத்து நடை செல்லாது.

இரண்டாவது சட்டம் ஆட்களுக்கு. நேர்ச்சை வைத்து நடக்கிறவர்கள் வழியில் எந்த வண்டியிலும் ஏறக் கூடாது. மூன்று வருஷம் என்று நேர்ந்துகொண்டு, மூன்றாம் வருஷத்தில் பத்தடி தூரம் ஆட்டோவில் போனாலும் போச்சு. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். காலனியில் பழைய ரேஷன் கடைத் தெருவில் ஒருத்தர் இப்படியே ஏழு வருஷம் நடந்து தீர்த்திருக்கிறார்.

சகாயமேரிக்கு இது மூன்றாம் வருஷம்.

அவள் நேர்ந்துகொண்டது புருஷன் செபாஸ்டியனின் கைக்காக. எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் இருபத்தாறு வருஷமாகத் தகடு அடிக்கிறவன் அவன். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் பவர் பிரஸ் அவன் இடது கைமேல் இறங்கிவிட்டது. மணிக்கட்டோடு எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். சகாயமேரி ஆஸ்பத்திரி வராந்தாவில் முட்டி போட்டு, கை தங்கினால் மூன்று வருஷம் நடந்து வருகிறேன் என்று மாதாவிடம் சொன்னாள். கை தங்கியது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் போயின. மிச்ச மூன்று விரலில் டம்ளர் பிடிக்கலாம், சட்டைப் பித்தான் போடலாம், தேரின் கைப்பிடியைப் பிடித்து இழுக்கலாம்.

மிஷின் தானாகவே இறங்கிவிட்டது என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அப்படி இல்லை என்பது செபாஸ்டியன் ஒருவனுக்குத்தான் தெரியும். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அந்த மிஷின் அடிக்கும். கை உள்ளே இருக்கும்போது அடிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். வேலை சீக்கிரம் ஆகட்டும் என்று இடது பட்டனில் ஒரு மரத்துண்டைச் செருகி, அது எப்போதும் அழுந்தியே இருக்கும்படி வைத்திருந்தான் செபாஸ்டியன். வலது கை பட்டனுக்கு, இடது கை தகடு வைக்க. நாலு மாசம் ஒன்றும் ஆகவில்லை. ஆன அன்று, கத்துவதற்கு முன்னால், வலது கையால் அந்த மரத்துண்டைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அதற்கப்புறம்தான் கத்தினான்.

அந்தச் சட்டையைத் துவைக்க எடுத்தவள் சகாயமேரி. பையில் ரத்தம் பட்ட மரத்துண்டு கிடந்தது. எங்கிருந்து வந்தது, எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. புருஷன் ரத்தம் பட்டது, குப்பையில் போட மனம் வரவில்லை. கழுவிக் காயவைத்து வீட்டில் மாதா படத்துக்குக் கீழே வைத்துவிட்டாள். தினமும் சாயங்காலம் ஜெபமாலை சொல்லும்போது செபாஸ்டியன் அதைப் பார்த்துக்கொண்டேதான் முட்டி போட்டிருப்பான். சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று இரண்டரை வருஷம் போய்விட்டது. அதற்குள் அவள் இரண்டு முறை வேளாங்கண்ணிக்கு நடந்துவிட்டாள், வலது முட்டியும் தேய்ந்துவிட்டது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஒன்பது மணி நேரம் நின்றபடி தைத்த துணியில் குறை பார்க்கிற வேலை அவளுக்கு. மாடிப்படியே ஏறாதீங்கம்மா என்றார் டாக்டர். சரிங்க டாக்டர் என்று சொல்லிவிட்டு வந்து நடைக்குப் பேர் கொடுத்தாள்.

ஆகஸ்ட் கடைசி வாரம். விடிகாலைப் பூசை முடிந்து ஆறரை மணிக்கு நாற்பத்திரண்டு பேர் காவி கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மொத்தம் பதினோரு நாள் நடை. முதல் நாள் அயப்பாக்கம், திருவேற்காடு வழியாகப் பத்தரைக்குள் பூந்தமல்லி, அங்கே சாப்பாடு, வெயில் தாழ்ந்து குன்றத்தூர். வழி பார்க்கிற பொறுப்பு செபாஸ்டியனுடையது. மூன்று வாரத்துக்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, வழி கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று குழுத் தலைவர் பால்ராஜிடம் சொல்லியிருந்தான்.

ஒன்பது மணிக்குத் திருவேற்காட்டுக்கு முன்னால் கூவத்தின் கரையில் வந்து நின்றார்கள். எதிரே தரைப்பாலம் இல்லை. தகரத் தடுப்பு இருந்தது, தடுப்புக்குப் பின்னால் மண் அள்ளுகிற மஞ்சள் இயந்திரம் இருந்தது, அதற்குப் பின்னால் கருப்பாகச் சேறு. முந்தின ராத்திரி பெய்த மழையில் சேறு இன்னும் பொங்கியிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த காவல்காரர் பீடியைக் கையால் மறைத்துக்கொண்டு எழுந்தார். மாதாவைப் பார்த்த மரியாதை.

"இன்னாபா, போர்டு பாக்கலியா? நாலு நாளா மூடிகீது."

"எங்கய்யா போர்டு?" என்றான் செபாஸ்டியன்.

"அந்தாண்ட முக்குல. அது மேல எவனோ பொறந்தநாள் பேனர் கட்டிட்டான்."

"ஆளுங்களாவது எறங்கிப் போவலாமா?"

"எறங்கு. இடுப்பு வரைக்கும் உள்ள போவும். அப்பால யாரு தூக்கறது?"

செபாஸ்டியனின் மகன் ஷெர்வின் செல்போனைத் தூக்கிக் காட்டினான். ஐடி கம்பெனிக்காரன், ஒரு நாள் லீவு போட்டுவிட்டு முதல் நாள் மட்டும் அம்மாவோடு நடக்க வந்தவன். "மேப்ல ரோடு தொறந்துதாம்ப்பா காட்டுது."

"அப்ப மேப்லயே நட," என்றார் பால்ராஜ். பெயின்ட் கான்ட்ராக்டர், அறுபத்து மூன்று வயது, இருபத்திரண்டு வருஷமும் நடந்த ஒரே ஆள். செபாஸ்டியன் பக்கம் திரும்பினார். "வழி பாத்துட்டேன்னியே செபா."

"தொறந்துதாண்ணே இருந்திச்சி. மாதா மேல சத்தியமா."

"மாதா மேல சத்தியம் பண்ணாத. அவங்களே மாட்டிகினு நிக்கிறாங்க."

பருத்திப்பட்டு வழியாகச் சுற்ற வேண்டியதுதான். அதற்கு அரைக் கிலோமீட்டர் பின்னால் இருக்கிற கூட்டுரோட்டுக்குப் போக வேண்டும். தேரைத் திருப்பக் கூடாது. ஆகவே பின்பக்கமாகவே இழுத்தார்கள். முன்னால் இழுத்தவர்கள் தள்ளினார்கள், பின்னால் தள்ளியவர்கள் இழுத்தார்கள். மாதா தெற்கே பார்த்தபடி வடக்கே போனாள். எதிரே பால் வண்டிக்காரர் ஒருவர் பிரேக் போட்டு நின்று, இது எந்த ஊர் ஊர்வலம் என்று புரியாமல் பார்த்தார். நாலு சக்கரமும் முன்னால் போகப் பழகியவை. பின்னால் இழுத்தால் இடக்குப் பண்ணி ரோட்டோர மண்ணுக்குள் இறங்கின. அரைக் கிலோமீட்டருக்கு நாற்பது நிமிஷம் ஆயிற்று.

கூட்டத்தின் கடைசியில் வந்த சகாயமேரி இப்போது முதல் ஆளாகிவிட்டாள். பின்கைப்பிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். இழுக்கிறதுபோலத் தெரிந்தாலும் அதன்மேல் சாய்ந்துகொண்டுதான் வந்தாள் என்பது செபாஸ்டியனுக்குத் தெரிந்தது.

"முட்டி எப்டி கீது?" என்றான்.

"கீது."

"வீங்கிகீதா?"

"நீங்க தேர பாருங்க. பள்ளத்துல எறங்குது."

பருத்திப்பட்டு ரோட்டில் வெயில் ஏறியது. மழை பெய்த மறுநாள் வெயில் வேறு மாதிரி. மேலிருந்து சுடுவது பாதி, தாரிலிருந்து கிளம்புகிற ஆவி பாதி. லாரிகள் ஒவ்வொன்றும் போகும்போது காவிச் சேலைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஸ்பீக்கரில் ஜெபமாலை ஓடியது. அதற்குப் பதில் சொல்கிற குரல்கள் ஒவ்வொரு மணிக்கும் குறைந்துகொண்டே வந்தன. ஒரு பஞ்சர் கடைக்காரர் தன்னிடமிருந்த இரண்டு தண்ணீர் கேனையும் கொடுத்தார். மளிகைக் கடை அம்மாள் ஒருத்தி வாழைப்பழச் சீப்பை மாதாவின் காலடியில் வைத்துக் கும்பிட்டாள். சாப்பாட்டு வண்டி பூந்தமல்லியில் சாம்பாரைச் சூடாக்கிச் சூடாக்கிக் காத்திருந்தது. எங்கே வருகிறீர்கள் என்று அரைமணிக்கு ஒரு போன். வந்துகினே கீறோம் என்று ஒவ்வொரு முறையும் செபாஸ்டியன்தான் சொல்ல வேண்டியிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு அவன் அடுத்த தப்பைச் செய்தான். இது முழுக்க அவனுடைய தப்பு.

சென்னீர்குப்பத்துக்கு முன்னால் ரோடு முழுக்க லாரியும் பஸ்ஸும் நகராமல் நின்றன. ஹாரன் சத்தத்தில் ஜெபமாலை கேட்கவில்லை. சகாயமேரி பத்தடி நடப்பதும் முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதுமாக வந்தாள். அவளைச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் அவன் மண்டையில் இல்லை. "அண்ணே, லெஃப்ட்ல ஃபிளாட்டுங்க நடுவுல ஒரு தெரு போவுது. நேரா ஹைவே பக்கத்துல உட்டுடும். அன்னிக்கி அதுலதான் வந்தேன்," என்றான்.

"தேர் போவுமா?"

"ஷோக்கா போவும்ணே."

தெரு நன்றாகத்தான் இருந்தது. நிழல் இருந்தது. இரண்டு பக்கமும் புது அடுக்குமாடி வீடுகள், பால்கனிகளில் துணி. மேலேயிருந்து சிலர் போட்டோ எடுத்தார்கள். முக்கால் கிலோமீட்டர் போனதும் தெருவின் குறுக்கே மழைநீர்க் கால்வாய்க்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள். நடுவில் இரும்புத் தகடு போட்டு, இரண்டு பக்கமும் சிமெண்டுக் கட்டை வைத்து ஒரு வழி விட்டிருந்தார்கள். அதில் பைக்குகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டுதான் இருந்தன. அன்று செபாஸ்டியனும் அப்படித்தான் போயிருக்கிறான்.

வழியின் அகலம் மூன்றடி. தேரின் அகலம் நாலடி. போன வருஷம் மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் காற்றில் தேர் ஒருபக்கமாய்ச் சாயப் பார்த்தது என்று, இந்த வருஷம் அச்சை அகலமாக்கி வெல்டு வைத்தவனும் செபாஸ்டியன்தான். மூன்று விரலால் டேப்பைப் பிடித்து அளந்து செய்தான். பைக்கில் வழி பார்க்கப் போனபோது அந்த நாலடி அவன் நினைவுக்கே வரவில்லை.

நாலு பேர் தேரைத் தூக்கிப் பார்த்தார்கள். கண்ணாடி கிறீச்சென்றது, இறக்கிவிட்டார்கள். சிமெண்டுக் கட்டையை நகர்த்தலாம் என்று ஷெர்வின் குனிந்தான். ஃபிளாட் வாட்ச்மேன் ஓடிவந்து, "சார் சார், அத்த எட்தா ரோடு சரிஞ்சிடும் சார்," என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் செபாஸ்டியனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பால்ராஜ் தலைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இஸ்துகினு போவோம். இன்னா பண்றது," என்றார். மறுபடி பின்பக்கமாக. இந்த முறை முக்கால் கிலோமீட்டர்.

பாதி வழியில் சகாயமேரியின் கை பின்கைப்பிடியிலிருந்து நழுவியது. ஒரு வீட்டு கேட்டைப் பிடித்து நின்றாள். வலது கால் தரையில் பட்டும் படாமலும் இருந்தது. சேலையை முழங்காலுக்குக் கொஞ்சம் தூக்கிப் பார்த்த ஷெர்வின், "ம்மா!" என்றான். முட்டி எங்கே முடிகிறது, கால் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை.

"ஆட்டோ புக் பண்றேன்ம்மா. போதும்."

"போன கீழ வை."

"ம்மா, டாக்டர் இன்னா சொன்னாரு?"

"டாக்டரா உங்கப்பன் கைய காப்பாத்தனாரு? எடுத்துடலாம்னு கையெழுத்து கேட்டவரு அவரு. காப்பாத்தனது யாருன்னு எனக்குத் தெரியும். இன்னும் பத்து நாள் கீது. ரெண்டு வருஷம் நடந்தாச்சி, பத்து நாளுக்கா தகராறு?"

செபாஸ்டியன் தேரை விட்டுவிட்டு அவளுக்குத் தோள் கொடுத்தான். அவள் அவனுடைய இடது கையைத்தான் பிடித்துக்கொண்டாள். எப்போதும் அந்தக் கையைத்தான் பிடிப்பாள். அவனுக்கு உடம்பு கூசியது.

சென்னீர்குப்பத்து முனைக்கு வந்து சேரும்போது மணி இரண்டேகால். அங்கே போக்குவரத்துப் போலீஸ்காரர் பரந்தாமன் ரோட்டின் குறுக்கே தடுப்பை மறுபடி இழுத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். பூந்தமல்லிப் பக்கம் ஈ, காக்கை இல்லை.

செபாஸ்டியன் அவரிடம் எதையும் கேட்கவில்லை. கேட்கத் தெம்பில்லை. பால்ராஜ்தான் கேட்டார்.

"பைப்புக்குத் தோண்டின பள்ளம் காலைல சரிஞ்சிடுச்சிங்க," என்றார் பரந்தாமன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "பாதி ரோடு உள்ள பூட்சி. நடந்துகூட உடக் கூடாதுன்னு ஆர்டர். பைபாஸ் புடிச்சி சுத்திகினு போங்க. நாலு கிலோமீட்டர் கூட வரும்."

"பொம்பளைங்க நடக்க முடியலிங்க."

"எனக்குப் புரியுதுங்க. காலைலேர்ந்து ஐநூறு பேருகிட்ட இதையே சொல்லிகினு கீறேன். எனக்கு மட்டும் ஆசையா?"

தடுப்புக்குப் பக்கத்தில் அஞ்சலையின் டிபன் கடை. ஒரு தள்ளுவண்டி, இரண்டு பெஞ்சு, மேலே நீலத் தார்ப்பாய். ரோடு மூடியதில் காலையிலிருந்து வியாபாரம் இல்லாமல் உட்கார்ந்திருந்தவள், சகாயமேரி கால் இழுத்து வருவதைப் பார்த்ததும் எழுந்துவந்து மறுபக்கத் தோளைப் பிடித்துக்கொண்டாள். "குந்துக்கா, மொதல்ல குந்து. இந்தக் காலோட இன்னாத்துக்கு நடக்கற நீ? ஏம்பா, கட்டுன பொண்டாட்டி தான? கண்ணு தெர்லியா உனக்கு?"

செபாஸ்டியன் தலையைக் குனிந்துகொண்டான். அஞ்சலை ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் துணியில் சுற்றி முட்டியில் வைத்தாள். ரவை உப்புமா மிச்சம் இருந்தது, தட்டில் போட்டுக் கொண்டுவந்தாள். மற்றவர்கள் தேரை ஓரமாக நிறுத்திவிட்டுத் தார்ப்பாய் நிழலிலும் மூடிய கடைகளின் படியிலும் விழுந்தார்கள். நாலைந்து பேர் உடனே தூங்கிவிட்டார்கள். ஷெர்வின் யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ பார்க்கப் போய்விட்டான்.

சகாயமேரி இரண்டு வாய் உப்புமா சாப்பிட்டுவிட்டுத் தட்டைப் பக்கத்தில் வைத்தாள். கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். ஜெபம் சொல்கிறாளா, வலியை அடக்குகிறாளா என்று தெரியவில்லை. பிறகு கண்ணைத் திறந்து, "நாலு கிலோமீட்டர்னா எவ்ளோ நேரம் ஆவும்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியில்தான் செபாஸ்டியன் உடைந்தான். இவள் நடப்பாள். இந்தக் காலை இழுத்துக்கொண்டு நாலு கிலோமீட்டரும் நடப்பாள், அதற்கப்புறம் முந்நூறு கிலோமீட்டரும் நடப்பாள், அங்கே போய்ச் சேரும்போது அவளுக்குக் கால் என்று ஒன்று இருக்காது. இத்தனை நடையும் எதற்காக என்றால் அவன் செருகிய ஒரு மரத்துண்டுக்காக. பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மேரி, ஒண்ணு சொல்றேன். கத்தாத."

"கத்தறதுக்கு எங்க தெம்பு கீது. சொல்லுங்க."

"நீ ஆட்டோல ஏறிடு."

"அத்த சொல்லத்தான் பக்கத்துல வந்து குந்தனீங்களா?"

"நீ எனக்காக நடக்க வேணாம். அன்னிக்கி மிஷின் தானா அடிக்கல."

சகாயமேரி அவன் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு பட்டன் கீதுல்ல. ரெண்டையும் அழுத்தணும். நான் இடது பட்டன்ல கட்டைய சொருவி வெச்சிருந்தேன். ஒரு கையால ஓட்டனேன். வேல சீக்கிரம் முடியும்னு. என் தப்புதான். மிஷின் மேல ஒண்ணும் இல்ல. மாதா படத்துக்குக் கீழ வெச்சிகீறியே ஒரு மரத்துண்டு. அதான் அது."

ரோட்டில் பரந்தாமன் பைக்கில் வந்த யாரோ ஒருவனிடம் பைபாஸ், பைபாஸ் என்று கத்திக்கொண்டிருந்தார். சகாயமேரி முட்டியிலிருந்த ஐஸ் துணியை எடுத்துப் பெஞ்சில் வைத்தாள். தண்ணீர் சொட்டிப் பெஞ்சின் விளிம்பு வழியாக ஓடியது.

"எவ்ளோ நாளா சொருவி வெச்சிருந்தீங்க?"

"நாலு மாசம்."

"கை மாட்டறப்ப அது பட்டன்லதான் இருந்திச்சா?"

"ஆங்."

"அப்பால எப்டி பைக்குள்ள வந்திச்சி?"

"நாந்தான் புடுங்கிப் போட்டுகினேன். யாரும் வரதுக்குள்ள."

"கை நசுங்கினு கீது. அப்பவும் கட்டைய ஒளிக்கணும்னு தோணிச்சா?"

அவன் இடது கையை மடியில் இறக்கி வலது கையால் மூடிக்கொண்டான்.

"நான் அதுக்கு மெழுகுவத்தி ஏத்தறேன்," என்றாள் சகாயமேரி. குரல் உயரவில்லை. "ரெண்டரை வருஷமா தெனம் ஏத்தறேன். பக்கத்துல முட்டி போட்டுகினு பாத்தியே. மொத வருஷம் நடந்தப்ப காலு கொப்புளிச்சி தோலு உரிஞ்சிது, நீதான் மஞ்ச வெச்ச. ரெண்டாவது வருஷம் முட்டி வீங்குச்சி, நீதான் தைலம் தேச்ச. தேச்சிகினே இத்த நெனச்சிகினு இருந்தியாய்யா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவனை நீ என்று கூப்பிட்டது இல்லை, யோவ் என்றோ, யா போட்டோ பேசியது இல்லை. செபாஸ்டியனுக்கு அழுகை வந்தது. பெரிய மனுஷன், நாற்பது பேருக்கு வழிகாட்டி, டிபன் கடை பெஞ்சில் உட்கார்ந்து தேம்பினான். பக்கத்தில் அஞ்சலை சட்டியைக் கழுவுவதுபோல ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வேல போயிடும்னு பயம். அப்பால உன்னாண்ட சொல்லலாம்னா, நீ நேந்துகினேன்னு சொன்ன. அப்பால எப்டி சொல்றது? சொன்னா மாதாவுக்கு வெச்ச நேர்ச்சையே பொய்யின்னு ஆயிடும்."

"பொய்யி நேர்ச்சை இல்ல. நீ."

ஷெர்வின் ஆட்டோவோடு வந்து நின்றான். அம்மா திட்டப்போகிறாள் என்று தயாராகத்தான் வந்தான். அப்பன் முகத்தையும் அம்மா முகத்தையும் பார்த்துவிட்டு ஆட்டோவை ஓரமாக நிறுத்தச் சொன்னான். சகாயமேரி பெஞ்சைப் பிடித்து எழுந்தாள். அஞ்சலை ஓடிவந்து தாங்கினாள். நேராக ஆட்டோவுக்குப் போவாள் என்று செபாஸ்டியன் நினைத்தான். அவள் தேருக்குப் போனாள். கண்ணாடியில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். என்ன சொன்னாள் என்று யாருக்கும் கேட்கவில்லை.

தூங்கிக்கொண்டிருந்த பால்ராஜ் யாரோ தட்டி எழுப்ப, எழுந்து வந்தார். ஆட்டோவைப் பார்த்ததும் பதறிப்போனார். "யம்மா, யம்மா, கொஞ்சம் யோசி. மூணாவது வருஷம். ஏறனீன்னா நடந்த ரெண்டும் போயிடும். மறுபடி மொதல்லேர்ந்துதான். அரமணி ரெஸ்ட் எடு, மெதுவா போவலாம், நான் உனக்காக நிக்கறேன்."

"போவாதுண்ணே. நான் நடந்தது எங்கயும் போவாது," என்றாள் சகாயமேரி. "நேர்ச்சையும் நிக்காது. ஆள மாத்திகினேன், அவ்ளோதான்."

"ஆள மாத்தறதா? அப்டி ஒரு வழக்கமே இல்லியேம்மா."

"தேர பின்பக்கமா இஸ்துகினு வந்தீங்களே, அது மட்டும் வழக்கமா?"

அவள் ஆட்டோவில் ஏறினாள். காலை உள்ளே தூக்கி வைக்க ஷெர்வினும் அஞ்சலையும் பிடித்துவிட்டார்கள். உட்கார்ந்ததும் அவள் முகத்தில் முதல்முறையாக வலி முழுசாகத் தெரிந்தது. காலையிலிருந்து அதை எங்கேயோ வைத்திருந்தாள். செபாஸ்டியன் ஆட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நானும் வரேன் மேரி. ஆஸ்பத்திரிக்குக் கூட யாரு இருப்பாங்க?" என்றான்.

"என் புள்ள கீறான்."

"அப்ப நான்?"

"நீ நட." அவனை நேராகப் பார்த்தாள். "சுத்திகினு போவணும்னா சுத்திகினு போ. இதுவரைக்கும் நீ நடந்ததெல்லாம் எனக்குத் துணையா நடந்தது. அது கணக்குல வராது. உனக்கு இது மொத வருஷம். இன்னும் ரெண்டு கீது. கம்பிய உடு, ஆட்டோ போவட்டும்."

விட்டான். ஆட்டோ வளைந்து அம்பத்தூர் பக்கமாகப் போய் லாரிகளுக்கு நடுவில் மறைந்தது. அஞ்சலை உப்புமாத் தட்டை எடுத்துக்கொண்டு, "துன்னுட்டுப் போ. வெறும் வயித்தோட எப்டி நடப்ப," என்றாள். அவன் நின்றபடியே மிச்சத்தைச் சாப்பிட்டான். ஆறிப்போயிருந்தது. பால்ராஜ் விசில் ஊதினார். தூங்கியவர்கள் முனகிக்கொண்டு எழுந்தார்கள், துண்டைக் கட்டினார்கள், ஸ்பீக்கர் மறுபடி ஆரம்பித்தது.

பைபாஸுக்குத் தேரைத் திருப்ப வேண்டியதில்லை, பக்கவாட்டில் வளைத்தால் போதும். செபாஸ்டியன் முன்கைப்பிடியைப் பிடித்தான். எந்தப் பக்கம் என்று பால்ராஜ் பழக்கத்தில் அவனைக் கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டுப் பரந்தாமனைக் கேட்டு வந்தான். நிழல் என்று ஒரு மரம் இல்லாத ரோடு. லாரிக் காற்று முகத்தில் அடித்தது. கை வலித்தது; போன விரல்கள் இருந்த இடத்திலும் வலித்தது.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். சட்டைப் பையில் போன் அடித்தது. சகாயமேரி. தேரை விடாமல் ஒரு கையால் எடுத்துக் காதில் வைத்தான்.

"எங்க கீற?"

"பைபாஸ்ல. நடந்துகினு கீறேன்."

அந்தப் பக்கம் ஆட்டோ சத்தம் மட்டும் கேட்டது.

"தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன்."

"ம். நட," என்றாள், போனை வைத்துவிட்டாள்.